பரணில் கிடந்த பொல்லு

வட இலங்கையின் கண்டாவளைக்கு நான் சென்றது ஊர் பார்ப்பதற்காக அன்று. என் மனைவியின் பெரியப்பா, நான் மாமா என்று அழைப்பவர், உடல் தளர்ந்திருக்கிறார் என்ற செய்தி ரொறன்ரோவுக்கு எட்டியபின், ஒரு தடவையேனும் அவரை நேரிற் கண்டுவிட வேண்டும் என்ற கடமையுணர்ச்சியினாலேயே. அறுவடை முடிந்த வயல்களினூடே அந்த வீட்டை அடைந்த முதல் நாள் மத்தியானம், குத்தரிசிச் சோறும் விரால் மீன் குழம்பும் முன்னே ஆவி பறக்க நாங்கள் உண்டுகொண்டிருந்தபோது, பேரன் பாடசாலையால் வந்து, "அம்மம்மா, பொல்லை எடுத்துத் தாங்கோ, இண்டைக்குப் பயிற்சி இருக்கு" என்றான். மாமி அடுப்புக்கு மேலிருந்த பரணிலே கைவிட்டு, புகையில் நெடுநாள் ஊறி நாவற்பழத்தின் நிறம் ஏறியிருந்த ஒரு மூங்கிற் பொல்லை இறக்கிக் கொடுத்தார். பிசைந்த சோறு என் கையிலேயே நின்றுவிட்டது.

அதற்குக் காரணம் உண்டு. 1993 ஒக்டோபர் 23ஆம் தேதி இரவு, கனடாவுக்குப் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷங்கூட நிறையாத நான், ஓர் உணவகத்தின் பின்கட்டிலே கோப்பை கழுவிக்கொண்டிருக்கையில், ஜோ காட்டர் அடித்த ஒரே அடியில் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணி மீண்டும் பேஸ்போல் உலகத் தொடரை வென்றது. விதிகளில் ஒன்றேனும் விளங்காமலே, வீதியெங்கும் முன்பின் அறியாத மனிதர்கள் என்னைக் கட்டித் தழுவிய அந்த இராத்திரியில்தான் அந்நிய தேசம் முதன்முதலாக என்னை ஏற்றுக்கொண்டதாக உணர்ந்தேன். அன்று பிடித்த பேஸ்போல் ஆசை, நாளடைவில் பழைய மட்டைகளையும் பந்துகளையும் தேடிச் சேர்க்கும் ஆசையாயிற்று. என் வீட்டு நிலவறையில் அவை கண்ணாடிப் பேழைகளுக்குள், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தை விட்டு அதிகம் விலகாதபடி, வெயிலின் ஸ்பரிசமே இன்றி வாழ்கின்றன.

அந்தப் பொல்லால் ஆடும் எல்லே என்ற விளையாட்டின்மீது எனக்கு இளமையில் மதிப்பிருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1904 முதல் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதிவரும் கிரிக்கெட் ஆட்டத்தை வேலியோரம் நின்று பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பையனுக்கு, மூங்கில் தடியால் டெனிஸ் பந்தை அடித்துவிட்டு ஓடும் எல்லே, தென்னிலங்கைக் கிராமத்தவர்களின் பொழுதுபோக்காகவே தோன்றியது. அந்த அபிப்பிராயத்தை ஐம்பது வயதுவரை ஒரு தடவையாவது சோதித்துப் பார்க்காமலே சுமந்து வந்திருக்கிறேன்.

பையனிடமிருந்து பொல்லை வாங்கிப் பார்த்தேன். பிடிக்கும் இடத்தில் சைக்கிள் ரியூப் நாடா இறுகச் சுற்றப்பட்டிருந்தது. அதன் கீழே, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் சுட்டு எழுதிய '74' என்ற இலக்கம். மூன்றாவது கணுவுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குப் பந்து பட்டுப் பட்டு மழுங்கிய இடம், பாக்குச் சீவும் பலகைபோல் வழுவழுத்திருந்தது. "குளத்துச் சேத்துக்கை மூண்டு மாதம் தாட்டு வைச்ச மூங்கில், தம்பி. மா கரைஞ்சு போனால் வண்டு அண்டாது" என்றார் மாமா. மூங்கிலின் மாச்சத்தையே வண்டு தின்னுகிறது என்பதும், நீரில் ஊறப்போட்டால் அது கரைந்துவிடும் என்பதும் நான் நூல்களில் கற்றவை. பேஸ்போல் மட்டைக்குப் பெயர்போன ஆஷ் மரத்தையோ, 2002இல் டிட்ரோயிட் நகரையொட்டி முதலிற் காணப்பட்ட பச்சை வண்டு இன்று வட அமெரிக்காவின் பல பகுதிகளிலும் அழித்துவருகிறது. என் வீட்டு வாசலில் நின்ற ஆஷ் மரமும் அதற்கே இரையாயிற்று.

ஆசை மிகுந்து நான் வாய்விட்டுக் கேட்டேன். "மாமா, இதை என்னட்டைத் தாங்கோ. கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சால் நூறு வருஷம் இருக்கும்."

"இருந்து?" என்றார் அவர்.

பதில் சொல்லத் தெரியாமல், பிள்ளைகள் அடித்து உடைத்துவிடுவார்கள், இப்படியொன்று இனிக் கிடைக்காது என்று ஏதேதோ அடுக்கினேன். மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "பங்கருக்குள்ளை நாங்களுந்தான் இருந்தனாங்கள். உயிரோடைதான் இருந்தனாங்கள். அதுக்குப் பேர் இருக்கிறதே, தம்பி?" என்று சொல்லி, பாதிச் சோற்றிலே கை கழுவ எழுந்து போனார். மாமி என்னை ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் ஓர் அகப்பை குழம்பை என் கோப்பையில் ஊற்றினார்.

அன்றிரவு மாமிதான் மீதியைச் சொன்னார். 2009 ஜனவரியில் போரினால் ஊரோடு இடம்பெயர்ந்தபோது, சுமக்க முடியாதவற்றை ஒரு பிளாஸ்டிக் பரலில் இட்டுக் கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போனார்கள். முகாமிலிருந்து மீண்டு வந்து தோண்டிய அன்று பரலுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. பொல்லு பிழைத்தது. கலியாணப் படங்களின் அல்பமோ தாளும் தாளும் ஒட்டிக் காய்ந்து, செங்கல்லைப்போல ஒரே கட்டியாகிவிட்டது. அதை ஒரு பழைய சேலையில் சுற்றி வைத்திருக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். ஓரத்திலே ஒரு மாலையின் நுனி மாத்திரம் தெரிந்தது. நனைந்த படங்களைக் காயவிடாமல் சுத்தமான நீரிலே வைத்துப் பிரித்தால் சிலவற்றையாவது மீட்கலாம் என்பதை நான் அறிவேன். அந்தக் காலம் கடந்து எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டபின், அதைச் சொல்ல என் நா எழவில்லை.

நித்திரை வரவில்லை. சேகரிப்போர் உலகில், பேஸ்போல் வீரரின் அட்டைப் படமானால் மடிப்போ கறையோ இல்லாததற்கே அதிக விலை; மட்டையானால், ஆட்டத்தில் அடிபட்ட தழும்புகளுக்கும், பிடியில் பூசிய தாரின் கறைக்குமே விலை. துடைத்துச் சுத்தம் செய்தால் பெறுமதி போய்விடும். 1923 ஏப்பிரல் 18ஆம் தேதி யாங்கி மைதானத்தின் முதலாவது ஹோம் ரன்னை பேப் ரூத் அடித்த மட்டை, 2004இல் பன்னிரண்டு லட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. அதே மட்டையை ரூத் தம் கையெழுத்திட்டு, லொஸ் ஏஞ்சல்சில் பாடசாலைப் பையன்களின் போட்டியில் வென்ற ஒருவனுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். இந்தச் சரித்திரத்தை எத்தனையோ நண்பர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன். மட்டையின் விலையைச் சொல்லியிருக்கிறேனேயன்றி, அந்தப் பையனைப் பற்றி ஒரு கணமும் நினைத்ததில்லை.

மறுநாள் மாலை மாமா பேசாமலே முன்னே நடக்க, நான் பின்னே மைதானத்துக்குப் போனேன். ஓடுகிறவன்மேல் பந்தை எறிந்து பட்டுவிட்டால் அவன் ஆட்டமிழப்பான் என்பது எல்லேயின் விதி. பேஸ்போலின் மூதாதையான ஆட்டங்களிலும் அவ்வாறே இருந்தது. 1845இல் நியூயோர்க்கின் நிக்கபொக்கர் கழகத்தார் எழுதிய விதிகள் அதைத் தடைசெய்தன. புத்தகத்தில் மாத்திரம் படித்திருந்த அந்தப் பழைய ஆட்டம், செம்மண் புழுதி பறக்க, சிரிப்பும் கூச்சலுமாக என் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. முதுகில் பந்து பட்ட ஒரு சிறுவன் வலியைத் தடவியபடி சிரித்துக்கொண்டே வெளியேறினான்.

அடுத்து வந்த பேரன் வீசி அடித்தான். பந்து வேலியைக் கடந்தது. ஆனால் அடியின் ஓசை வேறாக இருந்தது. மூன்றாவது கணுவருகே மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. என் நெஞ்சு திக்கென்றது. மாமா சாரத்தின் மடியிலிருந்து ரியூப் நாடாவை எடுத்து, புல்லிலே உட்கார்ந்து, பொல்லை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, முந்தைய நாளுக்குப் பின் முதற்தடவையாக என்னிடம் பேசினார்:

"தம்பி, இந்த நுனியை ஒருக்கால் இறுக்கிப் பிடியுங்கோ."

பிடித்தேன். பெருவிரல் நகம் வெளுக்குமட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவர் சுற்றிக்கொண்டிருந்தார், பிள்ளைகள் வட்டமாய் நின்று, எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.