கோட்டில் நிற்பதும் தாளத்தில் நிற்பதும்

ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம். அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்றால் மொத்தம் 32. பத்து மாத்திரைச் சொல் ஒன்றை மும்முறை வாசித்து, நடுவே இரண்டு இடங்களில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி) விட்டால் 32 நிறைந்து, தீர்மானம் என்னும் இந்த முடிப்பு சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில், வந்து விழும். பாட்டு தொடங்கும் இடமான எடுப்பு சமத்திலிருந்து அரை அட்சரம் தள்ளியிருந்தால், கார்வையை இரண்டிரண்டு மாத்திரையாக்கினால் போதும். கணக்கு 34 ஆகிவிடும். பாலக்காடு மணி ஐயருக்குப் பாடம் சொன்ன தஞ்சாவூர் வைத்தியநாதய்யரின் மிருதங்க வழியிலும், நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் உலகிலும் இந்தக் கணக்குக்குப் பிழைதிருத்துநர் ஒருவர்தான்: சொற்கட்டை வாய் சொல்லும்போது தாளம் போடும் கை. வாயும் கையும் தனித்தனிச் சாட்சிகளாக இருக்கும்வரை பிழை பிடிபடும். வாய் இழுத்த பக்கம் கையும் போய்விட்டால் தவறு சரியைப் போலவே ஒலிக்கும்.

கணினியில் ஆடும் தாள விளையாட்டுகளின் நிலையும் இதுதான். 2007-இல் வெளிவந்த ‘ஓசு’ விளையாட்டில், பாட்டின் தட்டுகளுக்கு ஏற்பத் திரையில் வட்டங்களை அடுக்குபவர்கள் ஆட்டக்காரர்களே. நிமிடத்துக்கு 180 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டின் நீளம் 333.33 மில்லிவினாடி. வட்டத்தின் நேரமோ முழு எண்ணில் பதிவாகிறது. பின்னம் உதிர்வதால் ஒரு மில்லிவினாடிக்குள் பிசகுவது இயல்பு. ஆகவே அடுக்கியதைச் சரிபார்க்கும் தானியங்கிச் சோதனை அதைப் பெரிதுபடுத்துவதில்லை. இரண்டு மில்லிவினாடியும் அதற்கு மேலும் விலகியதையே பிழை என்கிறது.

இரண்டு மில்லிவினாடி எந்தக் காதுக்குக் கேட்கும், இதற்கு ஒரு சோதனையா என்று கேட்கலாம். கேட்காது என்பது உண்மை. ஆனால் அவ்வளவு சிறிய விலகலை யாரும் வேண்டுமென்று வைப்பதில்லை. பெரும்பாலும் வட்டங்களை அடுக்கிய பிறகு தட்டின் வேகத்தையோ தொடக்கத்தையோ திருத்தியிருப்பார்கள். பழைய வட்டங்கள் பழைய இடத்திலேயே நின்றிருக்கும். சிறு பிசகு அந்த மறதியின் தடயம். லயம் உயிருள்ளது, அதை மில்லிவினாடியில் அளந்தால் செத்துவிடும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். சோதனைக் கருவி தானே வட்டத்தை நகர்த்தினால் அது நியாயம்தான். சுட்டிக்காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டால் முடிவு அடுக்கியவர் கையில்தான் இருக்கிறது. வயலில் பிடிக்கும் கயிறும் அப்படித்தான்: திருந்திய நெல் சாகுபடியில் கயிறு பிடித்து 22.5 செ.மீ. இடைவெளியில் நடுவது அழகுக்காக அல்ல, களைக்கருவி குறுக்கும் நெடுக்கும் ஓடுவதற்காக. ஆனால் நட்ட நாற்று குறுவைக்கு உரியதா சம்பாவுக்கு உரியதா என்று கயிறு சொல்லாது.

சோதனையின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு தட்டை இரண்டு முதல் ஒன்பது வரை, பிறகு பன்னிரண்டு, பதினாறு என்று பலவாறாகப் பிரிக்க அனுமதி உண்டு. பதினாறாகப் பிரித்தால் மேற்சொன்ன பாட்டில் ஏறக்குறைய 21 மில்லிவினாடிக்கு வட்டம் நிற்கக்கூடிய ஒரு கோடு விழும். வைக்க வேண்டிய கோட்டை விட்டு அடுத்த கோட்டில் வட்டத்தை வைத்தவர் பத்து மடங்கு பெரிய தவறு செய்கிறார். சோதனையோ அவரைக் குற்றமற்றவர் என்று அனுப்பிவிடுகிறது. முதலில் சொன்ன தீர்மானத்தைப் பத்து, ஒன்று, பத்து, ஒன்று, ஒன்பது என்று வாசித்தவரின் ஒவ்வொரு சொல்லும் மாத்திரையில்தான் விழுந்திருக்கும். தீர்மானம் மட்டும் ஒரு மாத்திரை முந்திவிடும். தாளம் போடும் கை இதை உடனே கண்டுகொள்வது, எடுப்பு எங்கே என்று அதற்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான். கருவிக்கும் அதைச் சொல்லிவைக்க வழி வேண்டும்: இந்த அடுக்கு எந்த நடை, எங்கே வந்து சேர வேண்டும் என்று. அதுவரை கோடு தவறியதைக் கருவி பார்க்கட்டும். எடுப்பு தவறியதைக் காதுதான் பார்க்க வேண்டும். சோதனை பிழையில்லை என்று சொன்னவுடன் காதையும் மூடிக்கொள்பவர், தாளம் போடும் கையை வாயின் பின்னால் அனுப்பிவிட்டவர்.