அவருக்குக் கடன்பட்டவங்க

பொத்துவில் ஆக்களுக்கு நடை புதுசில்ல. ஒவ்வொரு வருசமும் வடக்கிலயும் கிழக்கிலயும் இருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போறவங்க எங்கட ஊரைத் தாண்டித்தான் பாணமை, உகந்தை, குமணக் காடு என்று போவாங்க. தலையில மூட்டையோட வாற அந்தச் சனத்துக்கு ரோட்டோரத்தில நின்று தண்ணி குடுத்து வளர்ந்த பிள்ளைகள்தான் நாங்க. 2021 பெப்ரவரி 3ஆம் திகதி எங்கட ஊரில தொடங்கி 7ஆம் திகதி பொலிகண்டியில முடிஞ்ச நடையும் நினைவிருக்கு. கொரோனாவில மௌத்தானவங்கட ஜனாஸாக்களை எரிக்காதீங்க என்பதும் அந்த நடையின் கோரிக்கைகளில் ஒன்று. முதலாவது நேர்த்திக்கு நடக்கிற நடை. ரெண்டாவது நீதிக்கு.

மூணாவதா ஒரு வகை இருக்கு. கூட வேலை செய்த ஒருவர் மௌத்தாப் போனா, அவர்ர பேரில அந்த வேலைத்தள ஆக்கள் சேர்ந்து நடந்து, நல்ல காரியம் ஒன்றுக்குக் காசு சேர்க்கிறது. போன சீசன் முடிஞ்ச கையோட நாங்களும் அப்படி ஒரு நடை நடந்தோம். அதைப் பற்றித்தான் எழுதப் போறோம்.

இந்த நாட்டில நடந்து காசு சேர்க்கலாம் என்பதைப் பெரிசாக் காட்டினது ‘ட்ரெயில்’. நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற ரெண்டு பேர், ஆடைத் தொழில்துறையில இருந்தவங்க, 2011இல தெய்வேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை வரைக்கும் 670 கிலோமீற்றர் நடந்தாங்க. யுத்தம் முடிஞ்சு ரெண்டே வருசம். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகத்தான் அந்த நடை. 2016இல அதே தூரத்தைத் திருப்பி, வடக்கில இருந்து தெற்குக்கு நடந்தாங்க. இந்த முறை காலி கராப்பிட்டியவில ஒரு புற்றுநோய் வைத்தியசாலைக்காக. கம்பனி ஆக்கள், பாடசாலைப் பிள்ளைகள், ரோட்டோர ஊர்ச்சனம் என்று ஆயிரக்கணக்கானவங்க ஒவ்வொரு துண்டாகச் சேர்ந்து நடந்தாங்க. நோயாளி போற தூரத்தைக் குறைக்கிறதுக்கு ஆரோக்கியமானவங்க நடக்கிறாங்க என்பதுதான் அதில எங்களுக்குப் பிடிச்ச விசயம்.

தூரம் என்றால் என்ன என்று பொத்துவிலுக்குத் தெரியும். எங்கட ஊரால போற ஏ4 ரோட்டைப் பிடிச்சு மேற்கே போனா மொணராகலை, வெல்லவாய, இரத்தினபுரி எல்லாம் தாண்டி மஹரகம வரும். அங்கதான் அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரி. அதே ரோட்டால வடக்கே போனா மட்டக்களப்பு. ரோடு ஒன்றுதான், ஆனா மஹரகமவுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல.

குசினி நானா அந்த ரோட்டாலதான் போய் வந்தார். பேர் எழுதல்ல, அவர்ர குடும்பத்துக்கு விருப்பமில்ல. நாங்க அஞ்சு பேர், ஒலுவில் கம்பஸில கலைப் பீடம். லீவு விட்டா அறுகம்பைக்கு வேலைக்குப் போவோம். நாங்க வேலை செய்த இடத்தில ஒன்பது வருசமா குசினியை நடத்தினவர் அவர்தான். வெங்காயம் வெட்டுறதில இருந்து வெள்ளைக்காரன்ட முகத்தைப் பார்த்து உறைப்புக் குறைக்கிறது வரைக்கும் எல்லாம் பழக்கித் தந்தார். இரவு எவ்வளவு பிஸியா இருந்தாலும் எங்களுக்கு அஞ்சு கோப்பை சோறு எடுத்து வைச்சிட்டுத்தான் அடுப்பை நூப்பார். நோய் என்று தெரிஞ்ச பிறகு மூணு கிழமைக்கு ஒருக்கா இரவு பஸ்ஸில மஹரகமவுக்குப் போவார். மருந்து ஏத்திட்டு, அடுத்த இரவு பஸ்ஸில திரும்பி வருவார். போன நாளுக்குச் சம்பளம் இல்ல.

அவர் மௌத்தாகி ஒரு மாசத்தில நடைக் கதை வந்தது. எல்லாருக்கும் சந்தோசம். முதலாளி ரீசேட் அடிச்சுத் தாறன் என்றார். முன்னுக்குக் கடைட பேர், பின்னுக்கு நானாட பேர். பாலத்தடியில தொடங்கி கோமாரி வரைக்கும் போறது என்று முடிவாச்சு.

அப்பதான் கோப்பை கழுவுற ராத்தா ஒரு கேள்வி கேட்டா.

“ஜனாஸாவில, மௌத்தானவர் ஆருக்காச்சும் கடன்பட்டிருந்தா சொல்லுங்க என்று கேட்டாங்கதானே. அவருக்கு ஆர் கடன்பட்டிருக்காங்க என்று ஆராச்சும் கேட்டீங்களா மனே?”

எங்கட ஊர்களில ஜனாஸாத் தொழுகைக்கு முதல் அந்த அறிவித்தலைக் கேட்காதவங்க இல்ல. மையித்தின் கடனைக் குடும்பம் பொறுப்பெடுக்கும். சொத்துப் பிரிக்க முதல் அதைத்தான் அடைக்கணும். ஆனா கடன் ரெண்டு பக்கமும் ஓடும். ராத்தா கேட்டது மற்றப் பக்கத்தை.

நானாக்கு ஈபிஎஃப் நம்பரே இல்ல. அவர் மட்டுமில்ல, அந்தக் குசினியில ஒருத்தருக்கும் இல்ல. “சீசன் வேலைதானே” என்பது பதில். சட்டம் அப்படிச் சொல்லல்ல. 1958இன் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி என்ற வித்தியாசம் இல்ல. ஊழியர்ட சம்பளத்தில இருந்து 8 வீதம், முதலாளி தன்ட கையால 12 வீதம். அதுக்கு மேல ஈடிஎஃப், அதாவது ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், அதுவும் முதலாளியின் பொறுப்பு. ஊழியர் மௌத்தானா இந்தக் காசு வாரிசுக்குப் போகும். பணிக்கொடை வேற. 1983இன் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாம வேலை செய்யிற இடத்தில அஞ்சு வருசம் முடிச்சவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால் வருசத்துக்கு அரை மாதச் சம்பளம். மௌத்தானா அதுவும் வாரிசுக்குத்தான்.

ஒன்பது வருசத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. அந்தத் தொகைக்கு முன்னால எங்கட நடையில சேர்ற காசு ஒரு கைப்பிடி. அதில ஒரு பகுதியைக் குடும்பத்துக்குக் ‘குடுத்தா’ அதுக்குப் பேர் உதவி, எல்லாரும் துஆக் கேப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. சேர வேண்டிய காசு சேர்ந்தா ஒருத்தரும் போட்டோ எடுக்க மாட்டாங்க. ஆனா அந்தக் குடும்பம் ஒருத்தருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு நிக்கத் தேவையில்ல. உதவியும் உரிமையும் ஒரே பொக்கெற்றுக்குத்தான் வரும், ஆனா வாங்குற கைக்கு வித்தியாசம் தெரியும்.

இன்னொரு சிக்கல். நானாட மனைவி இத்தாவில இருந்தா. நாலு மாசமும் பத்து நாளும். தொழில் அலுவலகத்துக்கு அலைய அவவால ஏலாது. இப்படிப் பாத்தா, ஒரு வேலைத்தளம் உண்மையாவே சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இதுதான். அவர் வேலை செய்தார் என்று சாட்சி சொல்லக்கூடியவங்க அங்க வேலை செய்த நாங்கதானே. எந்த வருசம் வந்தார், எவ்வளவு சம்பளம், ஆர் கையால வாங்கினார் என்று ராத்தாவும் மற்ற ஆக்களும் சொல்லச் சொல்ல நாங்க எழுதினோம். அவட தம்பி அதைக் கொண்டு போய் முறைப்பாடு குடுத்தார். இன்னும் விசாரணையில இருக்கு.

நடையை விடல்ல. ரீசேட் மட்டும் வேணாம் என்றோம். அதால முதலாளி வரல்ல, ரெண்டு பேர் வேலை போயிடும் என்று பயந்து நின்றுட்டாங்க. அவங்களைக் குறை சொல்ல ஏலாது, வீட்டில அடுப்பு எரியணுமே. மிச்சம் பதினேழு பேர் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பாலத்தடியில இருந்து நடந்தோம். வழியில ஒரு பெரியவர், “நடந்தா மையித்துக்கு நன்மை சேருமா?” என்று கேட்டார். காசு சேரும், அது ஸதகா, அதின்ட நன்மை அல்லாஹ்விட்ட என்றோம். சிரிச்சிட்டு நூறு ரூபா தந்தார். சேர்ந்தது பெரிய தொகை இல்ல. மஹரகமவுக்குப் போற எங்கட ஊர் நோயாளிகளுக்கும் கூடப் போறவங்களுக்கும் பஸ் காசு குடுக்கச் சொல்லிப் பள்ளிவாசலில ஒப்படைச்சோம். இரவு பஸ்ஸில நானா பட்ட பாடு எங்களுக்குத் தெரியும் என்பதால அதைத் தெரிவு செய்தோம்.

கல்முனையில அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கு. 2000 செப்டம்பர் 16இல ஹெலிகொப்டர் விபத்தில மௌத்தான தலைவர்ட பேர், நோயாளி தினமும் போற வாசலில இருக்கு. சமையல்காரர்ட பேரில ஆரும் ஆஸ்பத்திரி கட்டப் போறதில்ல. அவர்ர ஞாபகம் கூட வேலை செய்தவங்கட கையிலதான்.

அதால நடை வேணாம் என்று நாங்க சொல்லல்ல. உங்கட ஒபிஸில, கடையில, ஹோட்டலில ஒருத்தர் மௌத்தாகி நடை ஒன்று ஒழுங்கு பண்ணினா கட்டாயம் போங்க. போக முதல் அவருக்குச் சேர வேண்டியது சேர்ந்திட்டா என்று சத்தமாக் கேளுங்க. கேட்கிறதுக்கு ஒரு ஆள் போதாது, பயமா இருக்கும். அதுக்குத்தான் குழு.

அடுத்த சீசனுக்கு அறுகம்பைக்கு வேலைக்குப் போற தம்பிமார், தங்கச்சிமார்: முதல் சம்பளத்தோட ஈபிஎஃப் நம்பரையும் கேட்டு வாங்குங்க. கோப்பை கழுவுறவங்களுக்கும் இருக்கா என்று சேர்த்துக் கேளுங்க.