க்யூ தாத்தாவின் கடை

ஜேம்ஸ் பாண்ட் படத்துல எனக்குப் பிடிச்ச ஆள் பாண்ட் இல்லீங்க, க்யூ. பாண்டுக்கு விதவிதமா கருவி செஞ்சு குடுத்துட்டு, "ஒழுங்கா திருப்பிக் கொண்டு வாப்பா"ங்கற மாதிரி புலம்புவாரே, அந்தத் தாத்தா. டெஸ்மண்ட் லெவலின் 1963-லேர்ந்து 1999 வரைக்கும் 17 படத்துல இந்த வேஷம் கட்டினார். நான் இஞ்சினியரிங் சேர்ந்ததுல அவருக்கும் கொஞ்சம் பங்கு உண்டு :-)

அப்புறம் கடையை மூடிட்டாங்க. 2002-ல 'டை அனதர் டே' படத்துல கண்ணுக்கே தெரியாத கார் வந்துச்சு. அதுக்கு மேல எங்க போறது? அதே வருஷம் வந்தவன் ஜேசன் பார்ன். ரெண்டாவது படத்துல சுருட்டின பத்திரிகையை வச்சே ஒருத்தனைப் புரட்டி எடுக்கறான். 'கேசினோ ராயல்' (2006), 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' (2008) ரெண்டுலயும் க்யூவே கிடையாது. 2012-ல 'ஸ்கைஃபால்'ல சின்னப் பையனா திரும்பி வந்தார். குடுத்தது ஒரு துப்பாக்கி, ஒரு குட்டி ரேடியோ. வெடிக்கிற பேனா எல்லாம் இப்ப செய்யறதில்லைன்னு நக்கல் வேற!

நம்ம போனே எல்லாம் பண்ணுது, இனி யார் வாயைப் பொளப்பாங்கன்னு சொல்றாங்க. பாதி சரி. 1997-ல பாண்ட் பின்சீட்ல படுத்துக்கிட்டு போன்லயே கார் ஓட்டினப்ப அது வித்தை. இன்னிக்கு சாதாரண காருக்கே ஆப் இருக்கு.

மீதிப் பாதிதான் விஷயம். 'ஸ்கைஃபால்'ல பாண்ட் ஆபீஸ் காரை விட்டுட்டு, பழைய ஆஸ்டன் மார்ட்டின் டிபி5-ஐ எடுக்கறார். ஏன்னா ஆபீஸ் கார்ல ட்ராக்கர் இருக்கு. 1964 'கோல்ட்ஃபிங்கர்'ல அதே மாடல் காரோட பெருமைகள்ல ஒண்ணே, வில்லன் எங்க போறான்னு மேப்ல காட்டற திரைதான்! அன்னிக்கு நம்மாளு துரத்தினான். இன்னிக்கு கருவி அவனையே துரத்துது. 'பார்ன் அல்டிமேட்டம்' (2007) படத்துலயும், வாட்டர்லூ ஸ்டேஷன்ல அந்தப் பத்திரிகைக்காரர் பாக்கெட்ல பார்ன் நைசா ஒரு புது போனைப் போடுவான். அவரோட சொந்த போனை சி.ஐ.ஏ. ஒட்டுக் கேக்குதே!

ஆபீஸ்ல நான் எழுதறதும் அந்த மேப் கோடுதான். டெலிவரி பசங்க எங்க இருக்காங்கன்னு புள்ளியா காட்டும். போன வாரம் வாசல்ல தண்ணி வாங்கிக் குடிச்ச ஒரு தம்பி, "சீக்கிரம்ணா, புள்ளி நின்னா கூப்ட்ருவாங்க"ன்னான். (எங்க கம்பெனி பையன் இல்லை. ஆனா எல்லா இடத்துலயும் அதே புள்ளிதான்.)

அடுத்த பாண்ட் படம் டெனி வில்நவ் எடுக்கறார்னு 2025-ல அறிவிச்சாங்க. அதுல க்யூ வந்தா வெடிக்கிற பேனா எல்லாம் வேணாம். அந்தப் புள்ளியை அரை மணி நேரம் அணைச்சு வைக்க ஒரு சுவிட்ச் செஞ்சு குடுக்கட்டும். அந்தத் தம்பிக்கும் ஒண்ணு.