இரும்பின் இடைவெளியில்

லா சப்பலில் இருந்து கார் து நோர் வரை நடந்து, அங்கே 4ஆம் இலக்க மெட்ரோ எடுத்தால் நாலாவது தரிப்பு ரெயோமூர்-செபஸ்தோபோல். அந்த ரெயோமூர் யார் என்று யோசித்திருக்கிறீர்களா?

1722இல் இரும்பை உருக்காக்குவது பற்றி ஒரு நூல் வெளியிட்ட விஞ்ஞானி. கெய்ரோ வழியாக அவர் கைக்கு இந்திய உருக்குக் கட்டி ஒன்று வந்தது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சின்ன மண் மூசைகளில் உருக்கி எடுத்த இந்த வகையை உலகம் 'வூட்ஸ்' என்கிறது. அதில் ஒரு கருவி அடித்துத் தர பாரிஸ் கொல்லர் ஒருவராலும் முடியவில்லை.

ஏன் முடியவில்லை? கடையில் அடுக்கிய தோடம்பழங்களை நினையுங்கள். இரும்பு அணுக்களும் அப்படித்தான் ஒழுங்காக அடுக்கியிருக்கும்; நடுவில் இடைவெளிகள் இருக்கும். காபன் அணு இரும்பைத் தள்ளிவிட்டு அதன் இடத்தைப் பிடிப்பதில்லை, இடைவெளிக்குள் புகுகிறது. சாதாரண வெப்பத்தில் அந்த இடைவெளி காபனின் அளவில் கால்வாசிதான். 912 பாகை செல்சியஸைத் தாண்டினால் அடுக்கு மாறி, இடைவெளி பெருக்கும்; எடையில் 2 சதவீதம் வரை காபன் உள்ளே போகலாம். அந்தச் சூட்டில் தண்ணீரில் தோய்த்தால் காபனுக்கு வெளியேற நேரமில்லை. நெருக்கி இழுபட்ட அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காது. உருக்கின் கடினம் அதுதான்.

வூட்ஸில் காபன் சுமார் 1.5 சதவீதம். மெல்லிரும்பைப் போல வெள்ளைச் சூட்டில் அடித்தால் உதிர்ந்துவிடும். குறைந்த, செஞ்சூட்டில் பொறுமையாக அடிக்க வேண்டும். வித்தியாசத்துக்குக் காரணம் காபன்தான் என்று 1786இல் பாரிஸில் எழுதியவர்கள் வாந்தர்மோந்த், பெர்த்தொலே, மோஞ்ச்.

"இடைவெளியில் இருந்து வலுக் கொடுப்பவர்கள் நாங்கள்" என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் காபன் மிஞ்சினால் இரும்பு நொறுங்கும். அந்த உவமையை எங்களுக்கு எதிராகவும் திருப்பலாம். மனிதர் அணுக்கள் இல்லை. எனக்கு வேறொன்று போதும். வகுப்பில் 'அசியே' என்று படித்த பொருளுக்கு வீட்டிலேயே சொல் இருந்தது. "நெய்யை உருக்கு" என்று அம்மா சொல்வாரே, அதே உருக்கு. 'வூட்ஸ்' என்ற பெயரே எங்கள் உருக்கு, கன்னடத்து உக்கு போன்ற சொற்களில் இருந்து பிறந்ததாகக் கருதப்படுகிறது.

ரெயோமூருக்கு ஒரு மெட்ரோ நிலையம், மோஞ்சுக்கு ஒன்று. அந்தக் கட்டியை உருக்கியவரின் பெயர் எங்கும் இல்லை. அவருடைய தொழிலின் சொல் மிஞ்சியிருக்கிறது. அதையாவது நாங்கள் தெரிந்து வைத்திருப்போம்.