சாமை மில்லுக்கு யார் பொறுப்பு?

கொல்லிமலையில் சாமை ஏன் குறைந்தது என்று கேட்டால் ஆண்கள் மரவள்ளியைக் காட்டுவார்கள். பெண்கள் உலக்கையைக் காட்டுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

மரவள்ளியின் கதை எல்லோருக்கும் தெரிந்தது. சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி லாரி வருகிறது. கிழங்கை ஏற்றினால் கையில் காசு. சாமைக்கு அப்படி வண்டி வந்து நின்றதில்லை. வீட்டுச் சோற்றுக்குத்தான் அது. ரேஷன் அரிசி வந்த பிறகு வீட்டுச் சோற்றுக்கும் அது தேவைப்படாமல் போயிற்று.

உலக்கையின் கதையைத்தான் வெளியே அதிகம் பேசுவதில்லை. கேழ்வரகைக் கதிரடித்துத் தூற்றினாலே மணி சுத்தமாகிவிடும். திரிகையில் போட்டு அரைத்தால் மாவு. சாமை அப்படியில்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணி, அதன்மேல் இறுகப் பிடித்த உமி. வெயிலில் காயவைத்து, உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததைத் திரும்ப உரலில் போட்டு, மறுபடியும் புடைத்து எடுக்க வேண்டும். ஓங்கிக் குத்தினால் குருணையாகிவிடும், மெதுவாகக் குத்தினால் உமி போகாது. காட்டு வேலை முடித்து, தண்ணீர் தூக்கி, விறகு சுமந்து வந்த பெண்தான் இதையும் செய்தாள். ரேஷன் கடையில் குத்திய அரிசி கிடைத்தபோது அவள் உலக்கையைச் சாய்த்து வைத்ததை யாரும் குறை சொல்ல முடியாது.

சோற்றுப் பானையை விட்டுப் போன பயிர் நிலத்தையும் விட்டுப் போகும். மல்லியசாமை, கட்டவெட்டிசாமை, பெருஞ்சாமை என்று மலை மக்கள் பெயர் வைத்துக் காப்பாற்றிய ரகங்கள் அப்படித்தான் ஒவ்வொரு வீட்டுத் தொம்பையிலிருந்தும் குறையத் தொடங்கின. விதைக்காத விதை சில வருடங்களில் முளைப்பை இழந்துவிடும். பிறகு தேடினாலும் கிடைக்காது.

மில் வந்தது

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் கொல்லிமலையில் வேலை தொடங்கியபோது விதையைச் சேகரிப்பதும் ஊர் விதை வங்கி வைப்பதும் அதில் முக்கியமாக இருந்தன. ஆனால், குத்துகிற வேலை குறையாமல் யாரும் திரும்ப விதைக்க மாட்டார்கள் என்பதும் தெரிந்தது. அதனால் சில ஊர்களில் உமி நீக்கும் சிறிய இயந்திரங்கள் வந்தன. சுயஉதவிக் குழுக்கள் அவற்றைப் பொறுப்பெடுத்து ஓட்டின. ஒரு பெண் பல மணி நேரம் குத்த வேண்டிய சாமை சில நிமிடங்களில் அரிசியாகி விழுந்தது.

ஊரிலேயே மில் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. உமியோடு இருக்கும் சாமை வருடக்கணக்கில் கெடாது. உமி நீக்கிய அரிசியில் தவிட்டுக் கொழுப்பு இருப்பதால் சீக்கிரமே காறல் வாடை தட்டிவிடும். வேண்டும்போது வேண்டிய அளவு அரைத்துக்கொள்ள முடிந்தால் மீதியைத் தொம்பையிலேயே வைத்திருக்கலாம். கீழே ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ மூட்டையைத் தூக்கிப் போய் மொத்தமாக அரைத்து வந்தால் அது முடியாது. நெல் மில்லும் இதற்கு உதவாது. சாமை மணி சிறியது, அதற்கென்று சல்லடையும் இடைவெளியும் வைத்த இயந்திரம்தான் வேண்டும்.

மில் நிற்கும்போது

பொதுச் சொத்தாக வந்த எந்த இயந்திரத்துக்கும் முதல் வருடம் பிரச்னை இல்லை. திறப்பு விழா நடக்கும், படம் எடுப்பார்கள், எல்லோரும் அரைக்க வருவார்கள். பெல்ட் அறும் நாளில்தான் கேள்வி வரும். புது பெல்ட்டுக்குக் காசு யார் தருவது? சல்லடை ஓட்டையாகிவிட்டால்? கொட்டகை ஓடு உடைந்து மழை ஒழுகினால்? மின் கட்டணம் பாக்கி விழுந்தால்? மில் ஓட்டும் அக்காவுக்குக் கூலி எங்கிருந்து வரும்?

குழுவைக் கேட்டால் பஞ்சாயத்தைக் காட்டும். பஞ்சாயத்தைக் கேட்டால், இயந்திரம் கொடுத்தவர்களைக் காட்டும். கொடுத்தவர்கள் திட்டம் முடிந்துவிட்டது என்பார்கள். இதற்குள் உரல் திரும்பவும் வெளியே வந்துவிடும். அல்லது சாமை விதைப்பது நின்றுவிடும். தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் உலர்களம், சேமிப்புக் கிடங்கு, பால் குளிரூட்டும் இயந்திரம் என்று பூட்டிக் கிடப்பவற்றின் கதையும் இதுதான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. எந்தச் செலவு யாருடையது என்று முதலிலேயே எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதைப் பிரித்து எழுத அரசு விதியே வழிகாட்டுகிறது. 15-ஆவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை ஊராட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. மீதி 40 சதவிகிதத்தை ஊர் தன் தேவைக்குச் செலவிடலாம் என்றிருந்தது. ஆனால், சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது என்பதும் விதியாக இருந்தது. ஆகவே கொட்டகை, தளம், மின் இணைப்பு போன்றவற்றைப் பஞ்சாயத்திடம் கேட்கலாம். ஓட்டுபவரின் கூலி, பெல்ட், சல்லடை, மாத மின் கட்டணம் எல்லாம் அரவைக் கூலியிலிருந்துதான் வர வேண்டும்.

அரவைக் கூலி போதுமா? சாமை மட்டும் அரைத்தால் போதாது. அறுவடை முடிந்த மாதங்களில் வரிசை நிற்கும், மற்ற மாதங்களில் மில் தூங்கும். அதனால் கேழ்வரகு மாவு, மிளகாய்த்தூள், இட்லி மாவு என்று வருடம் முழுவதும் ஏதாவது அரைக்க ஒரு மாவு இயந்திரத்தையும் அதே கொட்டகையில் வைப்பது நல்லது. ஓட்டுபவருக்கு மாதச் சம்பளம் பேசாமல் கிலோவுக்கு இவ்வளவு என்று பேசினால் மில் ஓடாத மாதத்தில் கடன் ஏறாது. உதாரணமாக கிலோவுக்கு 5 ரூபாய் கூலி என்றால், 3 ரூபாய் ஓட்டுபவருக்கு, 1 ரூபாய் மின்சாரத்துக்கு, 1 ரூபாய் பழுதுபார்க்கும் உண்டியலுக்கு என்று பிரிக்கலாம். 1,000 கிலோ அரைத்தால் உண்டியலில் 1,000 ரூபாய் இருக்கும். பெல்ட் அறுந்த அன்று யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம்.

கிராம சபை எதற்கு?

கொல்லிமலை ஒன்றியத்தில் 14 ஊராட்சிகள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று பழைய நாட்டுப் பெயர்களே ஊராட்சிப் பெயர்களாக நிற்கின்றன. ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பல சிற்றூர்கள். சிலவற்றுக்கு மேடும் பள்ளமும் தாண்டி நடந்துதான் போக வேண்டும்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. நாமக்கல் உள்ளிட்ட மாவட்டங்களில் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தலைவர் மாறலாம், அலுவலர் மாறலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினராக இருக்கும் கிராம சபை மாறுவதில்லை. அதனால்தான் மில் விஷயம் தலைவரின் வாய்மொழியில் இருப்பதைவிட கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் இருப்பது பாதுகாப்பு.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை சபை கூடுகிறது. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். மலையில் இது சாதாரண விஷயம் இல்லை. தூரத்துச் சிற்றூர்ப் பெண்கள் வர வேண்டும் என்றால், கூட்டத்தைச் சுழற்சி முறையில் அவர்கள் பக்கமும் நடத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். உலக்கை பிடித்த கை அங்கே இல்லாவிட்டால் சாலையும் தெருவிளக்கும் பேசி முடித்துவிடுவார்கள்; மில் பேச்சு வராது.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையோடு சிறுதானியத்தையும் ரேஷனில் கொடுக்க இடம் தருகிறது. 2023-இல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. சாமைக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் அதை அரிசியாக்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அன்று ஓடுகிற மில் உள்ள ஊர்தான் விற்க முடியும்.

அடுத்த சபையில் கேட்க

உங்கள் ஊரில் சாமை மில், உலர்களம், கிடங்கு எது இருந்தாலும் இந்த நான்கையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்:

1. கட்டடமும் மின் இணைப்பும் யார் பெயரில் இருக்கின்றன?
2. அரவைக் கூலி எவ்வளவு, அது எப்படிப் பிரிகிறது?
3. பழுதுக்கான பணம் எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது, கையெழுத்துப் போடும் இரண்டு பேர் யார்?
4. வரவு செலவை எந்த கிராம சபையில் படிப்பார்கள்?

எழுதி முடித்ததும் தீர்மானத்தின் நகல் ஒன்றை வாங்கி மில் சுவரில் ஒட்டி வையுங்கள். அரைக்க வரும் எல்லோர் கண்ணிலும் அது படட்டும்.