வில்லை மாத்துறதா, நாணை மாத்துறதா?

போன ஒரு வருஷமா நாங்கள் நாலு பேரும் மாதம் ஆளுக்கு 5,000 ரூபா போட்டுச் சேர்த்தோம். 2 இலட்சத்து 40 ஆயிரம் சேர்ந்தது. புது கொம்பவுண்ட் வில் ஒண்டு வாங்குவம் எண்டுதான் சேர்த்தது. இண்டைக்கு அந்தக் காசில் பாதிக்கு மேல முடிஞ்சிட்டுது, ஆனால் நாங்கள் நினைச்ச வில் வரவில்லை. ஏன் எண்டு எழுதி வைக்கவேணும் போல இருக்கு. எங்களுக்குள்ள இதால ஒரு மனஸ்தாபமும் வந்தது.

எங்கட வில் 2011ஆம் ஆண்டு மொடல். எங்களில் ஒருத்தன்ர மாமா கனடாவில் இருந்து வரேக்க, 2017இல் சூட்கேசுக்குள்ள உடுப்புகளுக்கு நடுவில் வைச்சுக் கொண்டந்தது. வவுனியாவில், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வெறும் காணியில், மண்ணைக் குவிச்சு அணை கட்டி, அதுக்கு முன்னால பழந்துணி அடைஞ்ச சாக்குகளை நிப்பாட்டித்தான் பழகத் தொடங்கினோம். நீளமான கறுப்புப் பையோட மோட்டச்சைக்கிளில் போனால் எங்கட ஊரில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பினம். அம்மாமாருக்கு இப்பவும் இது பிடிக்காது. "விளையாட்டெண்டாலும் அது ஆயுதம்தானே" எண்டுதான் சொல்லுவினம். இஞ்ச வளர்ந்த ஆக்களுக்கு அந்தப் பயம் ஏன் எண்டு விளங்கும்.

கொம்பவுண்ட் வில் தெரியாத ஆக்களுக்கு: அமெரிக்காவில் மிசூரியைச் சேர்ந்த ஹொலெஸ் வில்பர் அலன் என்பவர் 1969இல் காப்புரிமை பெற்ற வில் இது. மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் சில்லு இருக்கும். எங்கட வில் இழுக்கேக்க 45 இறாத்தல் பாரம். ஆனால் கடைசி வரைக்கும் இழுத்துப் பிடிச்சதும் சில்லு உருண்டு பாரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். கையில மிஞ்சுறது 11 இறாத்தல் அளவுதான். அதால ஆறுதலாக் குறி பார்க்கலாம்.

ஒலிம்பிக்கில் இந்த வில் இதுவரை இல்லை. 2028 லொஸ் ஏஞ்சலீஸில்தான் முதன்முறையா, கலப்பு அணிப் போட்டியா வருது. 2023இல் பேர்லின் உலக சம்பியன்ஷிப் போட்டியில் 17 வயது அதிதி சுவாமி வென்றதையும், ஓஜஸ் தேவ்தளே 150க்கு 150 எடுத்ததையும் ஃபோனில் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அதுக்குப் பிறகுதான் எங்கட வில் எங்களுக்குப் பழசாத் தெரியத் தொடங்கினது.

எங்களில் ஒருத்தன் நல்லா எய்வான். போட்டிகளுக்குப் போகவேணும் எண்ட ஆசை அவனுக்கு. "இந்த வில்லோட இதுக்கு மேல போக ஏலாது" எண்டு அவன் சொன்னதை நாங்களும் நம்பினோம். முப்பது மீற்றரில் அவன்ர அம்புகள் மேலையும் கீழையுமா சிதறிக்கொண்டே இருந்தன.

விலையைப் பார்த்தோம். நல்ல கொம்பனிகளின்ர புது வில் 1,200 டொலர் அளவில் நிக்குது. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா, அந்த வருஷம் மே மாதமே 360. இப்ப 300 எண்டு வைச்சாலும் வில் மட்டும் 3 இலட்சத்து 60 ஆயிரம். குறிபார்க்கிற கருவி, அம்பு எல்லாம் வேற. இன்னும் ஒரு வருஷம் காசு போடுவமா எண்டு கதைச்சோம். அவன் ஓம் எண்டான். மற்ற மூண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.

புத்தகத்தில் பழைய வில்லுக்கு செக்கனுக்கு 310 அடி வேகம், புதுசுக்கு 340 எண்டு போட்டிருக்கு. அந்த 30 அடிதான் எங்களை ஆட்டினது. பிறகு வாசிச்சால், அந்த எண்கள் 70 இறாத்தல் பாரத்தில், 30 அங்குல இழுவையில், பாரம் குறைஞ்ச அம்போட அளந்தது. எங்கட 45 இறாத்தலுக்கும் 27 அங்குலத்துக்கும் ரெண்டு வில்லுமே அண்ணளவா 80 அடி இறங்கிவிடும். அதோட, வட அமெரிக்காவில் இந்த வில்லுகளைக் கூடுதலா வாங்குறது மான் வேட்டைக்காரர். மான் ஓடும், அதுக்கு வேகம் தேவை. காட்டுக்குள்ள காவித் திரிய வில் கட்டையா இருக்கவேணும். நாங்கள் எய்யிறது கடுதாசிக்கு. அது ஓடாது. இலக்குக்கு எய்யிற ஆக்கள் நீளமான, ஆடாமல் நிக்கிற வில்லைத்தான் தேடுறவை.

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டில் இருந்து ஒரு அண்ணா லீவில் வந்தார், தன்ர புது வில்லோட. எங்கட அளவுக்கு மாத்தித் தந்தார். கையில எடுத்ததுமே வித்தியாசம் தெரிஞ்சுது, பொய் சொல்லக்கூடாது. இழுவை வழுக்கிக்கொண்டு வந்தது, விட்ட பிறகு கையில அதிர்வே இல்லை. நல்லா எய்யிறவன் ரெண்டு வில்லிலும் 30 அம்பு விட்டான். 300க்கு பழசில் 241, புதுசில் 247.

"ஆறு புள்ளிக்கு மூண்டரை இலட்சமோ?" எண்டு அண்ணா சிரிச்சார். பிறகு எங்கட வில்லை வாங்கி, மெதுவா இழுத்துக் காட்டச் சொல்லிப் பக்கத்தில நிண்டு பார்த்தார். "தம்பி, மேல் சில்லு பிந்தி வருது. நாண் எப்ப மாத்தினியள்?"

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். வந்த நாள் தொடக்கம் மாத்தவே இல்லை. ரெண்டு மூண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தவேண்டிய நாணும் கேபிளும் இழுபட்டு, சுத்தியிருந்த நூலும் பிரிஞ்சுபோய்க் கிடந்தது. ரெண்டு சில்லும் ஒரே நேரத்தில் வந்து நிக்காட்டி அம்பு மேலையும் கீழையும்தான் போகும். அவர் கொண்டந்திருந்த சின்ன அழுத்தியை மாட்டி, வில்லைத் தளர்த்தி, கேபிளில் ரெண்டு முறுக்குக் கூட்டினார். (இதை அந்தக் கருவி இல்லாமல் ஒருத்தரும் செய்து பார்க்காதேங்கோ. அம்பு வைக்காமல் வெறும் நாணை விடவும் வேண்டாம், வில் வெடிக்கும்.) அதே பின்னேரம் அவன் திரும்ப 30 அம்பு விட்டான். 250.

ஒரு நாள் கணக்கை வைச்சு எல்லாம் முடிவெடுக்க ஏலாதுதான். ஆனால் இத்தனை வருஷமா வில்லைக் குறை சொன்ன நாங்கள் அதை ஒருக்காலும் வடிவாப் பார்க்கவில்லை எண்டது விளங்கிச்சுது.

அண்டிரவு கதைக்கேக்க எங்களில் சின்னவள் வாய் திறந்தாள். "நான் ஒரு கிழமையில எத்தினை அம்பு விடுறன் எண்டு ஆராவது எண்ணினீங்களா?" அவளால 28 இறாத்தலுக்கு மேல இழுக்க ஏலாது. எங்கட வில் அந்தளவுக்கு இறங்காது. ஒவ்வொரு கிழமையும் வந்து, அம்பு பொறுக்கித் தந்து, புள்ளி எழுதிப்போட்டுப் போவாள். மாதம் 5,000 மட்டும் தவறாமல் போட்டவள். புது வில் வந்திருந்தாலும் நாலு பேருக்கு ஒரு வில்தான்.

அதால இப்படி முடிவெடுத்தோம். பழைய வில்லுக்குப் புது நாணும் கேபிளும். மிச்சத்தில், மிகக் குறைஞ்ச பாரத்தில் இருந்து ஏத்திக்கொண்டு போகக்கூடிய, பழகுற ஆக்களுக்கான வில் ஒண்டு, ஒருத்தர் பாவிச்சது. ரெண்டுக்கும் சேர்த்து 1 இலட்சத்து 60 ஆயிரம் போனது. மீதி அம்புக்கு.

போட்டிக்குப் போக ஆசைப்பட்டவன் ரெண்டு கிழமை எங்களோட சரியாக் கதைக்கவில்லை. அவன்ர கோவத்திலும் நியாயம் இருக்கு. அவனுக்கு ஒருநாள் நல்ல நீளமான இலக்கு வில் தேவைப்படும், அப்ப திரும்பவும் காசு சேர்ப்பம். ஆனால் 250ஐத் தாண்டி 280க்குப் போற வரைக்கும் இந்த வில்லே காணும் எண்டு இப்ப அவனே சொல்லுறான்.

போன ஞாயிறு சின்னவள் 60 அம்பு விட்டாள். பாதி சாக்கில், பாதி மண்ணில். அம்பு பொறுக்கினது நாங்கள்.