ரோபோ வேணும்!

‘‘டாக்டர், நடுவுல கரண்ட் போயிட்டா?’’

என் மனைவி கேட்ட முதல் கேள்வி இதுதான். வரிச்சிக்குடிக்காரி வேறென்ன கேட்பாள்? கடல் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே எங்களுக்கு மெழுகுவத்தி ஞாபகம் வந்துவிடும்.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி. எனக்கு ரோபோ உதவியோடு பைபாஸ் என்று முடிவாகியிருந்தது. டாக்டர் சிரித்தார். ‘‘பேட்டரி இருக்கும்மா. ரோபோவே மக்கர் பண்ணினாலும் பக்கத்துலயே கத்தியோட ஆள் நிப்பாங்க.’’

‘கத்தியோட ஆள்’ என்றதும் எனக்குத்தான் வேர்த்தது.

‘எந்திரன்’ ரஜினி மாதிரி ஒன்று நடந்து வந்து வணக்கம் சொல்லும் என்று நினைத்திருந்தேன். அதெல்லாம் இல்லை சார்! சில அடி தள்ளி டாக்டர் ஒரு பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விரல்களை அசைக்கிறார். விலா இடுக்கில் மூன்று துளை வழியாக உள்ளே போன கருவிகள் அப்படியே அசைகின்றன. கை நடுக்கத்தை மட்டும் ரோபோ வடிகட்டிவிடுகிறது.

இடது நுரையீரலைச் சுருக்கி வழி பண்ணிக்கொண்டு, மார்புச் சுவரின் உட்புறம் ஓடும் ரத்தக்குழாயைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு விலாவுக்கு நடுவே சின்னதாக ஒரு கீறல். அடைப்பைத் தாண்டிக் கொண்டுபோய்த் தைத்தாயிற்று. தைக்கிற இடத்தை மட்டும் ஒரு கருவி அசையாமல் பிடித்துக்கொள்ள, இதயம் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. 1964-லேயே லெனின்கிராடில் கோலெசோவ் என்ற டாக்டர் துடிக்கிற இதயத்தில் இப்படித் தைத்திருக்கிறார். ரோபோ உதவியோடு 1998-ல் பாரிஸில் பைபாஸ் செய்தார்கள். இதைச் சொன்னதும் எங்கள் ஊர் பிரெஞ்சு பென்ஷன் தாத்தா, தானே செய்த மாதிரி மீசையை முறுக்கினார்!

ஊர் திரும்பிய நான் டீக்கடையில் ஹீரோ. ‘‘நெஞ்சைப் பொளக்கவே வேணாம்!’’ என்று சட்டையைத் தூக்கிக் காட்டாத நாளில்லை.

அதுதான் வினையாகிவிட்டது.

பக்கத்து வீட்டுத் தமிழ் வாத்தியாருக்கு மூன்று அடைப்பு. இதயமும் பலவீனம். நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அவரோ, ‘‘தம்பிக்குப் பண்ணின மாதிரி ரோபோன்னாதான் படுப்பேன்’’ என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டார். ஒரு விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

புதுச்சேரி வரைக்கும் ஆம்புலன்ஸில் நானும் போனேன். என் கையை அவர் விடவே இல்லை. ஊரெல்லாம் தழும்பைக் காட்டின நான், எனக்கு முன்பக்கக் குழாயில் ஒரே ஒரு அடைப்பு, அதனால்தான் ரோபோ சரிப்பட்டது என்பதை ஒருத்தரிடமும் சொல்லவில்லையே! தேவைப்பட்டால் எனக்கும் நெஞ்சைத் திறப்போம் என்று டாக்டர் எச்சரித்ததையும் சேர்த்தே மறைத்திருந்தேன்.

பிழைத்துக்கொண்டார். 1975-ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தாரே, அதே மாதிரி நெஞ்செலும்பைத் திறந்துதான் செய்தார்கள்.

இப்போது டீக்கடையில் யாராவது ரோபோ பற்றிக் கேட்டால், ‘‘மொதல்ல எத்தனை அடைப்புன்னு டாக்டரைக் கேளுங்க’’ என்கிறேன். வாத்தியார் சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறார்.

‘‘தம்பிக்கு மூணு புள்ளி, வெறும் ஆய்த எழுத்து. எனக்குப் பாருங்க, கோடே போட்டிருக்காங்க. முக்கியமான எடத்துலதானே கோடு போடுவாங்க!’’